காவலன் முதுகில் ஒட்டிய சீட்டு

போன மாதம் டியூஷன் முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு, ஓர் அம்மா மட்டும் பள்ளிக்கூடக் கடிதத்தோடு நின்றார். மகள் முதலாம் படிவம். "டீச்சர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஊசியாம். சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இப்பவே?"

பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருஷமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவரை உட்காரவைத்து, ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பித்தேன். செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. செல்லும் அமினோ அமிலங்களைச் செங்கல்போல அடுக்கித்தான் புரதம் கட்டுகிறது. கட்டும் ரைபோசோமை ஆராய்ந்ததற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் உள்ளிட்ட மூவர் 2009இல் நோபல் பெற்றார்கள். இடிக்கும் முறையைக் கண்டுபிடித்த ஆரன் செச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004லேயே அது கிடைத்துவிட்டது. ஒன்றை உடைக்கச் செல் ஏன் சக்தி செலவழிக்கிறது என்பதே அவர்களைத் துரத்திய கேள்வி.

கண்டபடி இடிக்காமல், பார்த்து இடிப்பதற்கான செலவு அது. யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம். மூன்று வகை நொதிகள் அதைக் கைமாற்றிக் கொண்டுவந்து, கழிக்கவேண்டிய புரதத்தில் சீட்டுபோல ஒட்டுகின்றன. யார்மேல் ஒட்டுவது என்று ஆளைப் பார்ப்பது மூன்றாவது நொதி. சீட்டுகள் சங்கிலியாகச் சேர்ந்ததும் புரோட்டியாசோம் பிடித்துக்கொள்ளும். குழாய் வடிவம், வாயில் மூடி. அந்த மூடி சீட்டுகளைக் கழற்றி மறுபடி உபயோகிக்க விட்டுவிட்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளும். அது துண்டு துண்டாகி, பிறகு புதுப் புரதத்துக்குக் கல்லாகும்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். பி53 என்ற புரதம் செல்லின் காவலன். மரபணு பழுதானால் செல் பெருகுவதைத் தடுக்கும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும். மனித பாப்பிலோமா வைரஸின் ஈ6 என்ற புரதம், நம் செல்லின் மூன்றாவது நொதி ஒன்றையே பிடித்து, பி53 மேல் சீட்டு ஒட்டவைக்கிறது. புரோட்டியாசோமுக்குச் சூது தெரியாது. சீட்டு இருக்கிறது, இடித்துவிடும். காவலன் இல்லாத செல் வருஷக்கணக்கில் பழுதைச் சேர்த்துக்கொண்டே பெருகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம்.

ஊசி, வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் மறிக்கும், நுழைந்துவிட்டதை விரட்டாது. "எதுக்கு இப்பவே" என்றதற்குப் பதில் அதுதான். மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடத் தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டுக்கும் அந்தக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கையோடு, அம்மா, நீங்களும் ஒரு நாள் ஒதுக்கிக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள்.