கால் நடந்தால் மூளைக்கு என்ன லாபம்?

காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுகருக்கு என்பார்கள், பிபிக்கு என்பார்கள், தொப்பை குறைய என்பார்கள். மூளைக்காக நடக்கிறேன் என்று சொல்பவர் அபூர்வம். ஆனால் ஊசியோ கத்தியோ இல்லாமல் மூளையைப் பேணும் வழிகளில் உடலசைவுக்குத் தனி இடம் உண்டு. எந்த அசைவு, யாருக்கு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாற்பது நிமிட நடை

நினைவுகளைப் பதிய வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வயதாக ஆக அது சுருங்கும். அமெரிக்காவில் டிமென்ஷியா என்ற மறதி நோய் இல்லாத 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 40 நிமிடம் வரை வேகமாக நடந்தது. இன்னொரு குழு கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. 2011-இல் வெளியான முடிவின்படி, நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. ஆகவே வேகம் முக்கியம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பால் வாங்கப் போய் வருவதை வாக்கிங் கணக்கில் சேர்ப்பவர்கள் கவனிக்க.

கால் ஒட்டிக்கொள்ளும்போது

பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்கு ஒரு விசித்திரமான தொல்லை வரும். நன்றாக நடந்து வந்தவர் கதவு நிலைப்படிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுவார். மேல் உடம்பு முன்னே சாயும், பாதம் மட்டும் தரையை விட்டு எழாது. திரும்பும்போதும், நெருக்கடியான இடத்தில் நுழையும்போதும் இப்படி ஆகும். வீட்டார் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதுதான் விழ வைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சமதரையில் திணறும் அதே மனிதர் மாடிப்படியில் தடையில்லாமல் ஏறிவிடுவதும் உண்டு. யோசிக்காமலே நடக்க வைக்கும் மூளைப் பகுதி, டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைந்ததால் பழுதாகிவிட்டது. படியோ, தரையில் குறுக்கே போட்ட கோடோ கண்ணில் பட்டால், பார்த்து எட்டு வைக்கும் வேறொரு வழியாக மூளை வேலையை முடித்துக்கொள்கிறது.

பிசியோதெரபியில் இதையே சிகிச்சையாக்கியிருக்கிறார்கள். நடைக்கூடத்தில் ஓரடி தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வண்ண டேப் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்கிறார்கள். செல்போனில் தாள ஓசை வைத்து அதற்கேற்ப எட்டு வைக்கச் செய்வதும் உண்டு. டேப் இல்லாத இடத்தில், "நில்லுங்க... இடது பக்கம் சாய்ங்க, வலது பக்கம் சாய்ங்க, இப்ப பெரிய எட்டா ஒண்ணு வைங்க" என்று நிதானமாகச் சொன்னாலே பலருக்குக் கால் விடுபடும். டேப்புக்கு ஆகும் செலவு சொற்பம். இது நம் வீடுகளில் இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மெதுவாகவும் செய்யலாம்

மூச்சு வாங்குவது எல்லோருக்கும் ஒத்துவராது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் உள்ள 195 பேருக்கு வாரம் இரண்டு முறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்குத் தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, சிலருக்கு எடையோடு தசைப் பயிற்சி, சிலருக்கு நீட்டல் பயிற்சி. உடல் நிலைகுலையாமல் நிற்பதில் தாய் சி குழுவே முந்தியது. 2012-இல் வெளியானது இந்த ஆய்வு. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கவனத்தோடு மாற்றுவதுதான் தாய் சியின் உயிர்நாடி. விழாமல் இருக்க வேண்டியதும் அதுவே.

நடனத்தைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைக் கவனித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், ஆடுபவர்களுக்கு டிமென்ஷியா குறைவாகவே வந்தது. ஆனால் அந்த வயதில் ஆட முடிகிறவர் ஏற்கெனவே திடமானவராக இருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. அதனால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அடவை நினைவில் வைத்து, தாளத்தைக் கேட்டு, பக்கத்தில் ஆடுபவர் மேல் இடிக்காமல் நகர்வது மூளைக்கு நல்ல வேலை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

எங்கே பலிக்காது?

டிமென்ஷியா வந்த பிறகு பயிற்சியால் நினைவைத் திருப்ப முடியுமா? இங்கிலாந்தில் 494 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கடுமையான பயிற்சியால் உடல்திறன் கூடியது. ஆனால் நினைவாற்றல் சரிவது குறையவில்லை. "ஆறே வாரத்தில் மறதி போகும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நடையின் பலன் ஐம்பது வயதிலேயே சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்குத்தான் அதிகம். நோயாளியையும் நடக்க வைக்கலாம், கால் பலத்துக்காகவும் மனநிலைக்காகவும்.

தொடங்குமுன்

பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுபவர்கள், மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று மருத்துவரிடம் கேட்டு, அப்போது பயிற்சி செய்யட்டும். பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றலாம். கட்டிலில் சற்று உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் காலணி நல்லது. நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.