பாஸ் அவுட்: பட்டமா, மயக்கமா?



"எங்கட மகள் பேராதனையில பாஸ் அவுட் ஆனவள்" என்று பெருமையோடு சொல்லும் தாய்மார் நம்மில் பலர். அதில் தவறில்லை. படிப்பை முடித்து வெளியேறுவதை இலங்கையிலும் இந்தியாவிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் மகள் இங்கிலாந்துக்கு அனுப்பும் வேலை விண்ணப்பத்தில் இதையே எழுதினால், வாசிப்பவர் "பல்கலைக்கழகத்தில் மயங்கி விழுந்தாளா?" என்று திகைக்கக் கூடும்.

ஆங்கிலத்தில் 'பாஸ்' என்றால் கடத்தல், தேறுதல். 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் சேர்ந்ததும் புதுப் பொருள் பிறந்து விடுகிறது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 'பாஸ் அவுட்' என்றதும் மனதில் வருவது நினைவிழந்து விழுவதுதான். இராணுவ, பொலிஸ் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கும் பிரித்தானியர் இச்சொல்லைப் பயன்படுத்துவர். தியத்தலாவையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து நடத்தும் அணிவகுப்பு 'பாசிங் அவுட் பரேட்' எனப்படுவது இதனால்தான்.

பங்கிட்டுக் கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. வகுப்பில் கடதாசிகளைக் கொடுக்கும்போது 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்' என்பார்கள். 'அவற்றை' என்று சொல்வதானால் 'பாஸ் தெம் அவுட்' என்று 'தெம்' நடுவில் வர வேண்டும். மயங்கும் பொருளில் நடுவில் எதுவும் வராது: 'ஷி பாஸ்ட் அவுட்', அவ்வளவுதான்.

மிகக் கவனம் தேவைப்படுவது 'பாஸ் அவே' என்பதில். அதன் பொருள் வபாத்தாதல். வெளிநாட்டிலுள்ள மகனுக்கு டெலிபோனில் வாப்பா 'பாஸ்ட் அவுட்' என்பதற்குப் பதிலாக 'பாஸ்ட் அவே' என்று சொல்லி விட்டால் அவன் நிலை என்னவாகும்!

பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டால், ஆங்கிலம் பேசும் வைத்தியர் 'டிட் ஹி பாஸ் அவுட்?' என்று கேட்பார். பிள்ளை நினைவிழந்தானா என்பதே கேள்வி. அடுத்து என்ன சிகிச்சை என்பதைத் தீர்மானிக்க உங்கள் பதில் அவருக்கு உதவும். கேள்வி விளங்காமல் தலையாட்டி விடாதீர்கள்.

ஆகவே விண்ணப்பங்களில் பட்டம் பெற்றதை 'கிராஜுவேட்டட்' என்றும், பாடசாலைப் படிப்பை முடித்ததை 'கம்ப்ளீட்டட்' என்றும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும்போது 'பாஸ்' என்பதை மட்டும் மனனம் செய்விக்காதீர்கள். 'பாஸ் அவுட்', 'பாஸ் அவே' என்று சோடியாக, ஒவ்வொன்றையும் ஒரு வசனத்தோடு எழுதிப் பழக்குங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சொல்தான் பொருளையே மாற்றுகிறது.