கரிசல் புழுதியும் துடைக்கும் ரோபோக்களும்

2002-இல் ஐரோபாட் நிறுவனம் வெளியிட்ட ரூம்பா, சுவரில் முட்டித் திரும்பிக் குத்துமதிப்பாகப் பெருக்கிய கருவி. இன்றைய உயர்விலை ரோபோக்களோ லைடார் எனப்படும் லேசர் தொலைவளவியால் வீட்டின் வரைபடத்தைத் தாமே தீட்டி, வரிசை தவறாமல் பெருக்கித் துடைக்கின்றன. ரோபோராக் எஸ்8 ப்ரோ அல்ட்ரா 6,000 பாஸ்கல், ட்ரீமி எக்ஸ்40 அல்ட்ரா 12,000 பாஸ்கல் என விளம்பரங்கள் எண்களை அடுக்கினாலும், பாஸ்கல் என்பது உறிஞ்சும் அழுத்தத்தின் அளவேயன்றிச் சுத்தத்தின் அளவு அன்று.

கம்பளம் அரிதாகவும் டைல்ஸும் சிமெண்டும் மிகுதியாகவும் உள்ள விருதுநகர் வீடுகளில் துடைக்கும் முறையே முதன்மையானது. ரோபோராக் அதிரும் துணியாலும் ட்ரீமி சுழலும் இரு வட்டத்துணிகளாலும் துடைக்க, ஈகோவாக்ஸ் எக்ஸ்8 ப்ரோ ஆம்னி தன் துடைக்கும் உருளையை ஓடும்போதே கழுவிக்கொள்கிறது. ஈரம் பட்டதும் களியாக ஒட்டும் கரிசல் மண்ணுக்கு, அழுக்கைத் திரும்ப இழுக்காத இவ்வுருளையே பொருத்தம். ஆனால் எந்த மாதிரியாயினும், துணியைக் கழுவும் நிலையத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் குழாய்களில் வெண்படிவு கட்டும். வாசல் கோலத்தையும் ரோபோ அறியாது. செயலியில் தடைக்கோடு போட்டுவைப்பது நல்லது.

சிவகாசி வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பட்டாசுக்குப் பயன்படும் அலுமினியப் பொடி காற்றில் பரவிய நிலையில் சிறு பொறியாலும் தீப்பற்றக்கூடியது. மோட்டாரும் நிலைமின்சாரமும் அப்பொறிக்கு இடமளிப்பவை. ஆகவே பட்டாசுத் தொழிலாளர், பொடி ஒட்டிய வேலையுடையை வீட்டுக்கு வெளியிலேயே மாற்ற வேண்டும். பட்டாசு மருந்துத்தூள் உள்ள இடத்திலும், தீபாவளியன்று கங்கு அணையாத குப்பையிலும் எவ்வளவு விலையுயர்ந்த ரோபோவையும் ஓடவிடக் கூடாது.