பிக்கப் வண்டியின் பெட்டியைத் தூக்கிப் பெட்ரோல் பம்பு மாற்றும் முறை

பண்ணை வேலையில் ஒரு நாள் தாமதத்தின் மதிப்பை அறுவடைக் காலத்தில்தான் நன்கு அறியலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கான்ஸாஸ் மாகாணத்தில் கோதுமை அறுவடை பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நடைபெறும். முற்றிய பயிர் ஆலங்கட்டி மழைக்கு இரையாகுமுன் அதை அறுத்துச் சேர்த்தாக வேண்டும். அறுவடை இயந்திரம் எவ்வளவு பெரிதாயினும், அதற்கு டீசல், மசகு, மாற்றுப் பெல்ட்டு முதலியவற்றை வயலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு சாதாரணப் பிக்கப் வண்டியே. இது நின்றால் சிறிது நேரத்தில் அதுவும் நிற்கும்.

இவ்வண்டிகள் வழியில் நின்றுபோவதற்குரிய காரணங்களில் ஒன்று, பெட்ரோல் டாங்கியினுள் அமைந்த மின்சாரப் பம்பு கெட்டுப்போவதாகும். அதை மாற்ற அந்நாட்டு விவசாயிகளிற் பலர் டாங்கியை இறக்குவதில்லை. வண்டியின் பின்புறச் சரக்குப் பெட்டியையே கழற்றித் தூக்கிவிடுகின்றனர். இம்முறையின் காரணத்தையும், அதில் கைக்கொள்ளவேண்டிய எச்சரிக்கைகளையும் இங்கே காண்போம்.

பம்பு டாங்கிக்குள் சென்ற விதம்

போர்டு கம்பெனியார் 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தங்கள் ‘டி’ மாதிரி வண்டியைப் பிக்கப் பெட்டியுடன் 281 டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதில் பெட்ரோல் பம்பே கிடையாது. டாங்கியிலிருந்து பெட்ரோல் தன் எடையினாலேயே எஞ்சினுக்கு இறங்கி வந்தது. டாங்கியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் வரத்து நின்றுவிடும். ஆகையால் மேடுகளில் வண்டியைப் பின்புறமாகவே ஓட்டி ஏற்றுவதுண்டு.

அதன் பின்னர், எஞ்சினின் பக்கத்திலேயே பொருத்தப்பெற்று, எஞ்சினாலேயே இயங்கும் சவ்வுப் பம்பு வந்தது. சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தமே அதற்குப் போதுமாயிருந்தது. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் அது கைக்கு வந்துவிடும். 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைப் பீச்சித் தெளிக்கும் முறை பரவியது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் 1987-ஆம் ஆண்டுப் பிக்கப் வண்டிகளில் 9 முதல் 13 பவுண்டு வரை இருந்த அழுத்தம், 1996-க்குப் பின் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் சுமார் 60 பவுண்டாக உயர்ந்தது.

இவ்வளவு அழுத்தத்துக்குத் தொலைவிலிருந்து உறிஞ்சும் பம்பு உதவாது. உறிஞ்சும் குழாயில் வெப்பத்தினால் பெட்ரோல் ஆவியாகி வரத்தைத் தடுக்கும். டாங்கியினுள் மூழ்கியிருக்கும் பம்போ பெட்ரோலைத் தள்ளுகிறது. சுற்றியுள்ள பெட்ரோல் அதன் மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. பெட்ரோலுக்குள் மின்சார மோட்டார் ஓடினால் தீப்பற்றாதோ என்ற ஐயம் எழலாம். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்குச் சுமார் 1.4 பங்குக்குக் குறைந்தாலும், 7.6 பங்குக்கு மிஞ்சினாலும் தீப்பற்றாது. மூடிய டாங்கியினுள் சாதாரணமாக ஆவி இவ்வரம்புக்கு மேலாகவே நிறைந்திருக்கிறது. ஆனால் டாங்கியைத் திறந்தவுடன் இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது என்பதை மறத்தல் கூடாது.

இறக்குவதா, தூக்குவதா?

இவ்வண்டிகளில் பலவற்றில் டாங்கி, சரக்குப் பெட்டியின் அடியில் சேஸிஸ் சட்டத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. பம்பின் வாய் டாங்கியின் மேற்புறத்தில் உள்ளது. அதற்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே கை நுழையவும் போதிய இடமில்லை. ஆகவே, டாங்கி கீழே இறங்க வேண்டும். அல்லது பெட்டி மேலே எழ வேண்டும்.

26 காலன் கொள்ளும் டாங்கி நிறைந்திருந்தால் பெட்ரோலின் எடை மாத்திரம் சுமார் 155 பவுண்டு ஆகும். அதன் அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து, அசையும் திரவத்தை ஜாக்கியின் மேல் இறக்குவது அபாயகரமான வேலை. குழாயைக் கழற்றுகையில் பெட்ரோல் முகத்தில் வழியும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமாதலால் மேலே எழாமல் தரையோடு பரவி, கொட்டகையின் மூலையிலுள்ள அடுப்பையோ மின்விளக்கையோ தேடிச் சென்று பற்றிக்கொள்ளும்.

பெட்டியைத் தூக்குவதில் இத்தொல்லைகள் மிகக் குறைவு. வண்டியின் வகைக்கேற்ப ஆறு அல்லது எட்டு போல்ட்டுகளே அதைச் சட்டத்துடன் பிணைத்துள்ளன. டாங்கியைக் காலி செய்யவேண்டியதில்லை. ஒருவரும் அதன் அடியில் படுக்கவேண்டியதும் இல்லை. நின்றபடியே பகல் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். எனினும், டாங்கி பெரும்பாலும் காலியாயிருந்து, வண்டியையே உயர்த்தும் சாதனமும் இருக்குமாயின் இறக்குவதும் தகும். குளிர்காலத்தில் சாலைகளில் உப்பிடும் வடபகுதி மாகாணங்களில் பெட்டியின் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். அங்கேயும் இரு வழிகளையும் ஒப்பிட்டு முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது வழியாகச் சிலர் பெட்டியின் தளத்தையே வெட்டித் துவாரம் செய்கின்றனர். டாங்கியின் நேர் மேலே தீப்பொறி பறக்கும் இவ்வேலை உயிருக்கு உலை வைப்பதாகும். இதை அறவே விலக்குக.

கழற்றுமுன் ஆராய்க

வண்டி கிளம்பவில்லை என்பது மாத்திரம் பம்பு கெட்டதற்கு அத்தாட்சியாகாது. சாவியைத் திருப்பி, எஞ்சினைச் சுழற்றாமல் நிறுத்தினால், நல்ல பம்பு சுமார் இரண்டு விநாடி முனகி ஓயும். அவ்வொலி கேட்கவில்லையாயின் முதலில் பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். போர்டு பிக்கப் வண்டிகள் பலவற்றில், மோதல் நேர்ந்தால் பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சு, ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள இருக்கையின் கால்வைக்கும் இடத்தில் உண்டு. கரடுமுரடான வயல் வழியில் விழும் பலத்த அதிர்ச்சியாலும் அது விலகக்கூடும். அதன் பொத்தானை அழுத்தினாலே வண்டி கிளம்பிவிடும்.

அடுத்து, பம்பின் எர்த் கம்பி சட்டத்தில் சேருமிடம் துருப்பிடித்துள்ளதா என்று நோக்குக. பம்பின் இணைப்பில் மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கால் அறிக. முனகல் கேட்டும் எஞ்சின் ஓடாவிடில், எஞ்சினின் பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை வைத்துப் பார்த்து, வடிகட்டி அடைத்துள்ளதா என்றும் அறிய வேண்டும். டாங்கியின் அடியில் ரப்பர்ச் சுத்தியால் தட்டும்போது எஞ்சின் உயிர்பெறுமானால், பம்பின் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அரைமணி நேரம் செலவிடும் இவ்வாராய்ச்சி, அரைநாள் வேலையையும் ஒரு பம்பின் விலையையும் மிச்சப்படுத்தக்கூடும்.

பெட்டியைத் தூக்கும் முறை

1. முதல் நாளே எல்லாப் போல்ட்டுகளுக்கும் துருவை இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிடுக. நட்சத்திரப் பள்ளமுள்ள தலைகளாயின், பள்ளத்திலுள்ள மண்ணைச் சுரண்டி, சரியான அளவுள்ள சாக்கெட்டையே பயன்படுத்துக. பள்ளம் சிதைந்தால் வேலை இரட்டிக்கும்.

2. வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். அருகில் நெருப்போ புகைபிடித்தலோ கூடாது. உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் அவசியம்.

3. குழாயிலுள்ள அழுத்தத்தை முதலில் தணித்துக்கொண்டு, பின்னர் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக.

4. பெட்டியிலுள்ள டீசல் டாங்கி, கருவிப் பெட்டி முதலிய சுமைகளை இறக்கிவிடுக.

5. பெட்ரோல் ஊற்றும் வாயைப் பெட்டியுடன் பிணைக்கும் திருகாணிகளையும் அதன் எர்த் கம்பியையும் நீக்குக. பின்விளக்குகளின் மின்கம்பி இணைப்பையும் பிரிக்கவும். இவற்றுள் ஒன்றை மறந்து பெட்டியைத் தூக்கினால் அது அறுந்துபோகும்.

6. போல்ட்டுகளை எடுத்தபின், நான்கைந்து பேர் மூலைக்கொருவராக நின்று தூக்கலாம். அல்லது டிராக்டரின் முன்புற லோடரில் பட்டைகளைக் கட்டி உயர்த்தலாம். தொங்கும் பெட்டியின் கீழ் எவரும் தலை நீட்டலாகாது. ஆள் குறைவாயின், ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை நீக்கி, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி, பெட்டியைச் சாய்த்து உறுதியான மரக்கட்டைகளால் முட்டுக்கொடுப்பதும் உண்டு.

பம்பை மாற்றுதல்

டாங்கியின் மேற்புறத்தில் ஆண்டுக்கணக்காகப் புழுதியும் பதரும் படிந்திருக்கும். வாயைத் திறக்குமுன் அவற்றை முற்றும் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே விழும் மண் புதுப் பம்பையும் கெடுக்கும். பெட்ரோல் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகளை அதற்குரிய சிறு கருவியால் விடுவிக்கவும். அப்போது கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் மூடிக்கொள்வது நலம். இறுக்கு வளையத்தைப் பித்தளை முளையால் தட்டிச் சுழற்றுக. இரும்பின் மேல் இரும்பு பட்டால் பொறி பறக்கும். பம்பை வெளியே எடுக்கையில் மிதவையின் கம்பி வளையாதபடி சாய்த்து எடுக்கவேண்டும். அது வளைந்தால் பெட்ரோல் அளவு தவறாகக் காட்டும்.

டாங்கியின் அடியில் துருவோ தண்ணீரோ இருந்தால் அதை அகற்றாமல் புதுப் பம்பை வைப்பது வீண். ரப்பர் வளையத்தையும் வடிகட்டிப் பையையும் புதியனவாகவே இடுக. மின்கம்பி இணைப்பு கருகியிருந்தால் அதையும் மாற்றுக.

பெட்டியைத் திரும்ப வைக்குமுன்

அவசரக்காரர் தவறுமிடம் இதுவே. பெட்டியை வைத்து இறுக்குமுன் ஊற்றும் வாயின் எர்த் கம்பியைத் தற்காலிகமாகச் சட்டத்துடன் இணைத்து, பாட்டரியையும் இணைக்கவும். சாவியை நாலைந்து முறை திருப்பி அழுத்தம் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் கண்ணாலும் மூக்காலும் சோதிக்க வேண்டும். எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓட்டி, கசிவு ஏதுமில்லையென்று கண்ட பிறகே பெட்டியை இறக்கி, போல்ட்டுகளைச் சமமாக இறுக்குக. ஊற்றும் வாயின் எர்த் கம்பியை மீண்டும் அதன் இடத்தில் பொருத்துதல் மிக முக்கியம். பெட்ரோல் நிரப்பும்போது உராய்வினால் உண்டாகும் மின்சாரம் பொறியாகத் தாவாமல் காப்பது அதுவே.

புதுப் பம்பு நீடித்து உழைக்க, டாங்கியில் கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருப்பதும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும் நல்ல பழக்கங்கள். இவ்வேலையை அறுவடை நாளில் வழிநடுவே செய்ய நேர்ந்தால் பதற்றம் மிகும். பதற்றத்தில் பெட்ரோல் சிந்தும். பம்பின் முனகல் மாறி ஊளையிடத் தொடங்கும்போதே கவனித்து, வேலை குறைந்த மாதத்தில் அதை மாற்றிவைக்கும் விவசாயி, தம் கோதுமையை மாத்திரமன்றித் தம்முடன் நின்று பெட்டியைத் தூக்கும் ஆட்களின் உயிரையும் காத்தவராவார்.