கூதிர்காலத்து வழியோரப் பூக்கள்

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதில் 99 பூக்களின் பெயர்கள் நிரலாக அமைந்துள்ளன. அந்நிரலைப் பிழையின்றி ஒப்பித்துப் பள்ளியில் பரிசு பெற்றவன் நான். பின்னாளில் ஆசிரியனானபோது மாணவி ஒருத்தி, "ஐயா, மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை கூறுகின்றார்களே, அந்தப் பூ விரலைப் போலவா இருக்கும்?" என்று வினவினாள். என்னால் விடை கூற இயலவில்லை. அதுவரை நான் காந்தளைக் கண்டதே இல்லை. பெயரை அறிந்திருந்தேன்; பொருளை அறிந்திலேன்.

அவ்வினாவே ஓர் ஐப்பசி மாதத்தில் என்னைத் தமிழகத்துச் சிற்றூர்ப் பாதையொன்றில் நடக்கச் செய்தது. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். குளிர்நாடுகளில் இலை உதிரும் இம்மாதங்களில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பொழிகின்றது. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருவது இப்பருவமே. ஆதலின் அங்கே இது உதிர்காலமன்று. வேலியும் புதரும் பூத்து நிறையும் காலம்.

பூவை இனங்காண்பதற்கு நிறம் மட்டும் போதாது. செடியா கொடியா, இலை எவ்வாறு அமைந்துள்ளது, பூ எப்பொழுது விரிகின்றது என்னும் மூன்றையும் நோக்குதல் வேண்டும். இம்முறையில் நான் கண்ட சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலில் செங்காந்தள். இது வேலியைப் பற்றி ஏறும் கொடி. இதற்குத் தனியே பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்கின்றது. இவ்வோர் அடையாளமே பூ இல்லாத நாளிலும் இதனைக் காட்டிக்கொடுக்கும். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும். முதலில் பசுமஞ்சளாக இருந்து, பின் நுனியிலிருந்து சிவந்து, முடிவில் முழுதும் செந்நிறமாகும். நீண்டு ஒடுங்கி நெளிந்து நிற்கும் அவ்விதழ்களைக் கண்டபோதுதான் மாணவியின் வினாவுக்கு விடை கிடைத்தது. மருதாணியிட்ட விரல்களை ஒருங்கே உயர்த்திக் காட்டியது போன்ற தோற்றம் அது. உவமை மிகையன்று, கண்டவர் கூறியது. கார்த்திகையில் மிகுதியாகப் பூப்பதால் இதற்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயருண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆயினும் இதனைக் கண்ணால் மட்டுமே நுகர்தல் வேண்டும். கலப்பை வடிவிலான இதன் கிழங்கு உயிரைப் போக்கவல்ல கொடிய நஞ்சுடையது.

அடுத்து முசுண்டையும் பீர்க்கும். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்காலத்தை வருணிக்கும்போது புதர்தோறும் இவ்விரண்டும் மலர்ந்திருப்பதைக் கூறுகின்றது. முசுண்டையின் பூ வெண்மை. பீர்க்கின் பூ பொன்னிறம். பீர்க்கம்பூ மாலையில் விரிவது. பொழுது சாய்ந்தபின் அப்பாதையில் மீண்டும் நடந்தபோது, பகலில் வெறும் பச்சையாக இருந்த வேலியில் மஞ்சள் விளக்குகள் ஏற்றியது போன்றிருந்தது. நண்பகலில் மட்டும் நடப்பவர் இதனைக் காணார்.

தரையை நோக்கின் தும்பை. நாற்கோணத் தண்டில், கணுத்தோறும் உருண்டைக் கொத்துகளாகச் சிறு வெண்பூக்கள் விரியும். போர்க்களத்தில் வீரர் சூடியதும் ஒரு புறத்திணைக்குப் பெயர் தந்ததும் இச்சிறு பூவே. பாதையின் மேட்டுப்புறத்தில் ஆவிரை. மஞ்சட்பூவோடு, இலைக்காம்பின் அடியில் காதுமடலைப் போன்ற சிற்றிலைகள் இருப்பின் ஐயமின்றி ஆவிரை எனலாம்.

இறுதியாகக் கருவிளை. சங்குப்பூ என்று நாம் வழங்கும் நீலப்பூவே அது. அவரைக் குடும்பத்துப் பூக்களில் பெரிய இதழ் மேற்புறம் இருப்பது வழக்கம். இதில் அது கீழ்ப்புறம் அமைந்துள்ளது. மயிற்பீலியின் கண்ணுக்குப் புலவர்கள் இதனை ஒப்பிட்டதன் பொருத்தத்தை, நடுவிலுள்ள வெளிர்மஞ்சளையும் சுற்றிலுமுள்ள நீலத்தையும் கண்டவர் உணர்வர்.

இக்கருவிளையைக் காணத் தமிழகம் செல்ல வேண்டுவதில்லை. மலாய் மக்கள் புங்கா தெலாங் என அழைத்து, நாசி கெராபு சோற்றுக்கு நீலநிறம் ஏற்றுவது இப்பூவினால்தான். நம் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் அதனை மாணவர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். குறிஞ்சிப்பாட்டில் கருவிளை என்று படிக்கும்போது, அது வேறேதோ பழம்பூ என எண்ணுகின்றனர். இதுவே நமக்கு நேரும் இழப்பு.

ஆசிரியர்கள் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 99 பூக்களையும் இன்று ஐயமின்றி இனங்காட்ட இயலாது. அனிச்சம் எதுவென்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தெரியாததற்கு ஏதேனுமொரு படத்தை ஒட்டிக் காட்டுவதினும், தெரிந்த ஒரு பூவைக் கையிலெடுத்து இலையும் இதழும் எண்ணச் செய்வது நன்று. நாளைய வகுப்பிற்கு ஒரு சங்குப்பூவைக் கொண்டு செல்லுங்கள். பெயரைப் பிறகு கூறலாம். முதலில் மாணவர் அதனை நன்கு காணட்டும்.