தோட்டக் கோயிலின் இருப்பிடமும் நிலப்பட அடுக்குகளின் ஆள்கூற்று முறையும்

கமுந்திங் வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்ட ரப்பர் தோட்டங்களின் கோயில்களையும் லயங்களையும் ஆவணப்படுத்த முனைவோர் இன்று புவியியல் தகவல் முறைமை மென்பொருளை நாடுகின்றனர். பழைய நிலப்படம் ஓர் அடுக்கு; கைக்கருவியால் குறித்த கோயிலின் புள்ளி மற்றோர் அடுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவுடன், கோயில் தன் வளாகத்தை விட்டு ஏறத்தாழ 150 மீட்டர் மேற்கே, அண்டை நிலத்தில் நிற்கக் காண்கிறோம். நிலவுரிமைப் பேச்சில் இப்படத்தைச் சான்றாக நீட்டினால் நேரும் கேட்டினைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய அளவையாளர் பிழை செய்தாரல்லர். ஆள்கூறு என்பது வெறும் எண். அது பூமியின் எவ்வடிவத்தின்மீது, எப்புள்ளியிலிருந்து எண்ணப்பட்டது என்று தெரிந்தால்தான் இடமாகும். தீபகற்பத்தின் பழைய நிலப்படங்கள் பகாங் மாநிலத்துக் கெர்தாவை ஆதாரமாகக் கொண்டவை. அவற்றின் அடிப்படை 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த கோளவடிவமாகும். அக்கணிப்பிற்கு உதவிய இந்திய அளவைப் பணியில், லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோட்டை அளந்தார் என்பது நம் துறையினர் நினைவிற்கொள்ளத்தக்கது. பால்மரம் வெட்ட வந்தவர்களுக்கு முன்னரே புறப்பட்ட அளவு அது! கைக்கருவியோ உலகப் பொது முறையான டபிள்யு.ஜி.எஸ். 84ஐப் பின்பற்றுகிறது.

தட்டையாக விரிக்கும் முறையும் ஒன்றன்று. பொது நிலப்படங்கள் ஆர்.எஸ்.ஓ. என்னும் சாய்வு வீழ்ப்பில் அமைந்தவை. அதன் கிழக்குத் தொடக்க எண்ணாகிய 804671 மீட்டர், 66 அடிச் சங்கிலியில் 40,000 சங்கிலி என்னும் முழு எண்ணின் எச்சமேயாகும். மனை எல்லைப் படங்களுக்கோ மாநிலங்களுக்கேற்ற காசினி முறைகள் உண்டு. பேராக்கிற்குரிய மூலப்புள்ளி கமுந்திங்கிற்கு அருகேயுள்ள குனோங் ஹிஜாவ் மலையாகும். 2003இல் ஜி.டி.எம். 2000 என்னும் புதிய ஆதாரம் அறிமுகமாயிற்று. மென்பொருளில் பழைய ஆர்.எஸ்.ஓ.விற்கு 3168, புதியதற்கு 3375, பேராக்கின் புதிய காசினிக்கு 3384 என்னும் குறியெண்கள் உள.

பலரும் வழுக்குமிடம் ஒன்றுண்டு. அடுக்கிற்கு முறையைச் சுட்டுதல் வேறு. அடுக்கை வேறொரு முறைக்கு மாற்றுதல் வேறு. முன்னது பெயர்ப்பலகை மட்டுமே; எண்கள் அப்படியே இருக்கும். பின்னது எண்களையே கணித்துத் திருத்தும். கெர்தாவ் படத்திற்கு 3375 என்று பெயரிட்டால் மென்பொருள் மறுப்புரைப்பதில்லை. படத்தைப் பிறழவைத்துக் காட்டும். ஆகவே, முதலில் படத்தின் ஓரக்குறிப்பைப் படித்து உரிய முறையைச் சுட்டி, அதன் பின்னரே மாற்ற வேண்டும். திரையில் அடுக்குகள் பொருந்தித் தோன்றுவதும் போதாது. மென்பொருள் காட்சிக்காக மட்டும் உடனுக்குடன் மாற்றியிருக்கலாம், கோப்போ பழைய எண்களிலேயே கிடக்கும்.

மாற்றிய பின், இடம்பெயராத ஒரு பழைய பாலத்தையோ சாலைச் சந்திப்பையோ கைக்கருவியுடன் நேரில் சென்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அது பொருந்தாதவரை கோயிலின் புள்ளியைப் படத்தில் அச்சிடலாகாது.