ஒரு டம்ளர் காப்பிக்காக ஊரெல்லாம் அலைந்தேன்

"தம்பி, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்றார் அப்பா.

அவர் புனேக்கு வந்து 9 நாள்தான் ஆகியிருந்தது. அம்மா காலமான பிறகு மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தவரை, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன். வயது 74. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார்.

"இங்கே என்னப்பா குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை. மருமகள் நன்றாகத்தான் பார்த்துக் கொள்கிறாள். ஆனால் காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. ஒரு வாய் காப்பி இல்லை."

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. டிக்கெட் எடுத்துக் கொடுப்பது எனக்குப் பெரிய காரியம் அல்ல. ஆனால் அந்த டிக்கெட்டில் அவர் போய் இறங்கப் போவது பூட்டிய வீட்டில். அதனால், "ஒரு மாதம் பொறுங்கள் அப்பா. புனேயில் காப்பி இல்லாமலா போய்விடும்?" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கே இருக்கிறது?

நாங்கள் இந்த ஊருக்கு வந்து 11 வருடம் ஆகிறது. கலியாணச் சீராக வந்த பித்தளை பில்டர் பரணில் கிடந்தது. நானும் மனைவியும் எப்போதோ டீக்கு மாறிவிட்டோம். எப்போது மாறினோம் என்பது இருவருக்குமே நினைவில்லை.

டீயின் ராஜ்யம்

புனே டீயின் ராஜ்யம். இங்கே டீக்கடைக்குப் பெயர் 'அம்ருத்துல்ய'. அமுதத்துக்கு நிகரானது என்று பொருள். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் ஆரம்பித்த தொழில். சோன்யா மாருதி சவுக்கில் 1924-ல் தொடங்கிய 'ஆத்ய அம்ருத்துல்ய' தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள்.

பளபளவென்று தேய்த்த பித்தளைப் பாத்திரத்தில் பால், தண்ணீர், சர்க்கரை, தூள் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். சின்ன உரலில் இஞ்சியையும் ஏலக்காயையும் 'டக் டக்' என்று இடித்துப் போட்டு, துணியில் பிழிந்து வடிகட்டி ஊற்றுவார்கள். இஞ்சி தொண்டையில் இறங்கும்போது, ஆபீசில் வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோகும். இதில் பொய் இல்லை.

அப்பாவை அழைத்துப் போனேன். ஒரு மிடறு குடித்தார். "சளிக்கு நல்லது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, டெக்கான் ஜிம்கானாவில் 1935-லிருந்து நடக்கும் குட்லக் என்ற இரானி ஓட்டலுக்குப் போனோம். பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவித் தருவார்கள். 'பன் மஸ்கா' என்று பெயர். அதை டீயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அப்பா பன்னை இரண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டீ பாதி அப்படியே இருந்தது.

நம் ஆட்களில் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. பிம்ப்ரி, சாகன் பக்கம் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். விழுப்புரத்துப் பையன்கள் மராத்தியில் 'கட்டிங்' சொல்லி, அரை கிளாஸ் டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். காப்பி வியாதி நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களையும் வயதானவர்களையும்தான் பிடித்து ஆட்டுகிறது.

ஜாதிக்காய் காப்பி

விஷயம் எங்கள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. எதிர் வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, "மாமாவுக்குக் காப்பிதானே வேண்டும்?" என்று தானே போட்டு, தட்டு மூடி எடுத்து வந்தார். மராட்டியர் வீட்டுக் காப்பியில் ஜாதிக்காயை உரசிப் போடுவது பழைய வழக்கம். ஏலக்காயும் சேர்வது உண்டு.

அப்பா முழுக்கக் குடித்தார். மரியாதைக்காகக் குடித்தார் என்பது எனக்குத் தெரியும். ஆஜி போன பிறகு, "பாயசத்துக்கு ஏன் காப்பி என்று பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டார்.

ஓட்டல்களில் அலைந்த கதை இன்னும் மோசம். வடக்கே கலியாண வீடுகளில் 'எஸ்பிரசோ' என்று ஒன்று கொடுப்பார்கள். இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கலந்து, ஆவி விட்டு நுரைக்க வைத்து, மேலே சாக்லெட் பொடி தூவியிருப்பார்கள். அதைக் காப்பி என்று சொல்லித்தான் பல ஓட்டல்களில் தருகிறார்கள். ஓர் இடத்தில் போர்டில் கொட்டை எழுத்தில் 'பில்டர் காப்பி' என்று எழுதியிருந்தது. டபரா டம்ளரும் வந்தது. குடித்துப் பார்த்தால் இன்ஸ்டன்ட். டபரா மட்டும்தான் கும்பகோணம். சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பில்டர் தண்ணீரில்தான் சார் போடுகிறோம்" என்றார்.

சிரிக்காமல் என்ன செய்வது? அப்பாகூடச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெயரில் மெட்ராஸ்

பெர்குசன் காலேஜ் ரோட்டில் வைஷாலி என்ற ஓட்டல். புனேயில் அதைத் தெரியாதவர் இல்லை. அதன் பழைய பெயர் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்'. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் நடத்தியவர் நம்மவர் அல்ல. தென்கன்னடப் பக்கத்திலிருந்து வந்து முன்னுக்கு வந்த ஜகந்நாத் ஷெட்டி என்பவர். 2023-ல் காலமானார். இட்லி தோசையை இந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழக்கியதில் அவர் பங்கு பெரிது. வடக்கே தோசைக்கு 'மெட்ராஸ்' என்று முத்திரை குத்தியதில் நம் சரவணன்களைவிட ஷெட்டிகள்தான் அதிகம் உழைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காப்பி தேவலை. அப்பாவும் தலையை ஆட்டினார். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு எழுகிற மனிதரை, கோர்ப்படியிலிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் அங்கே கொண்டு போக முடியுமா?

தமிழனும் காப்பியும் இந்த ஊருக்கு வந்த பாதையைப் பார்த்தால், அது பெரும்பாலும் ரெயில் பாதைதான். பம்பாயிலிருந்து வந்த இருப்புப் பாதையும் மெட்ராசிலிருந்து வந்த பாதையும் 1871-ல் ராய்ச்சூரில் சந்தித்தன. கட்கியில் 1869-லேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வந்துவிட்டது. பட்டாளம், ராணுவக் கணக்கு ஆபீஸ், ரெயில்வே என்று நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கேம்ப், ராஸ்தா பேட், கட்கி, தேஹு ரோடு என்று குடியேறினார்கள். பிறகு கோயில் வந்தது. அப்பளக் கடையும் வந்தது.

இன்றும் சென்னை வண்டியில் போகும்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. சோலாப்பூர், வாடி வரை டீ. குண்டக்கல்லில் சந்தேகம். ரேணிகுண்டா தாண்டி அரக்கோணம் வந்தால்தான் காப்பி. டீயையே இந்தியர்களுக்குப் பழக்கியதில் ரெயில்வே ஸ்டேஷன்களுக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தேயிலைக் கம்பெனிகளின் சங்கம் ஸ்டேஷன்களில் ஸ்டால் போட்டு, டீ போடுவது எப்படி என்று எனாமல் பலகைகளை மாட்டி வைத்தது. காப்பிக்கும் விளம்பரம் நடந்தது. 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் 'இந்தியா காபி ஹவுஸ்' திறந்தார்கள். ஆனாலும் மராட்டியத்தில் ஜெயித்தது டீதான்.

வெள்ளைக்காரனும் இப்படித்தான்

இப்படி அலைவது எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போது ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர், பீகாரில் மோதிகாரியில் 1903-ல் பிறந்தவர். 1946-ல், லண்டனில் டீ ரேஷனில் கிடைத்த காலத்தில், நல்ல டீ போடுவது எப்படி என்று பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மொத்தம் 11 விதிகள்! பால் முதலிலா, டீ முதலிலா என்று அதில் ஒரு சண்டையே உண்டு. டீதான் முதலில் என்பது அவர் கட்சி. 1980-ல் பிரிட்டிஷ் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, டீ வடிக்கும் முறைக்கு நிர்ணயம் போட்டே வெளியிட்டது. உலகத்தையே ஆண்டவனுக்கு இந்தக் கவலை இருந்தது என்றால், மாயவரத்து ஓய்வூதியருக்கு இருக்கக்கூடாதா?

மறுநாளே பரணிலிருந்து பில்டரை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று ஆனது.

குற்றவாளி யார்?

முதல் நாள் காப்பி விளங்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. அப்பா தண்ணீரைக் குற்றம் சொன்னார். புனேக்கு வருவது கடக்வாஸ்லா அணைத் தண்ணீர். காவிரி இல்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'காப்பி 53, சிக்கரி 47' என்று இருந்தது. கலப்படம் அல்ல. சட்டப்படி சரிதான். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்பதுதான் சட்டம். சிக்கரி என்பது ஒரு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்துப் பொடித்தால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் தரும். வாசனை தராது. பாதிக்குப் பாதி வேரைக் காய்ச்சிக் குடித்துவிட்டுத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ராஸ்தா பேட்டில் ஒரு கடை. கொட்டையை அங்கேயே அரைத்துத் தருகிறார்கள். "பெயர் போடாதீர்கள் சார், கூட்டம் வந்தால் கொட்டை பத்தாது" என்றார் உரிமையாளர். 2024, 2025-ல் காப்பிக் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தில், பல வாடிக்கையாளர்கள் சிக்கரி கூடுதலாகப் போடச் சொல்கிறார்களாம். நான் பிளாண்டேஷன் பாதி, பீபரி பாதி, சிக்கரி நூற்றுக்கு 15 என்று சொன்னேன். எல்லாம் அப்பா எழுதிக் கொடுத்த சீட்டுதான். "கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். அரைத்த பொடி நாளாக நாளாக வாசனை விட்டுவிடும்" என்றார் கடைக்காரர். சொந்த வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு அறிவுரை சொல்கிற ஆளை இந்தக் காலத்தில் பார்ப்பது அபூர்வம்.

டிகாஷன் பிரமாதமாக இறங்கியது. பால் ஊற்றியதும் மறுபடி ஏதோ குறைந்தது. அப்போதுதான் உண்மையான குற்றவாளி அகப்பட்டது. அது எருமை!

மராட்டியர்களுக்கு எருமைப் பால்தான் பால். ஆடை கட்டும், தயிர் கத்தியால் வெட்டலாம். அவர்கள் டீக்கு அதுவே அழகு. ஆனால் அந்தக் கொழுப்பு காப்பி வாசனையின் மேல் கம்பளி போர்த்திவிடுகிறது. நாங்கள் வாங்கி வந்ததும் 6 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட். நம் ஊரில் டிகிரி காப்பி என்றாலே தண்ணீர் கலக்காத பசும்பால். லாக்டோமீட்டரில் பாலின் 'டிகிரி' பார்த்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று அப்பா சாதிக்கிறார்.

பசும்பால் பாக்கெட்டும் இங்கே கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குப் பாக்கெட்டில் நம்பிக்கை இல்லை. பின்தெருவில் கேனில் பால் கொண்டு வரும் கவளியைப் பிடித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு மராத்தி தெரியாது. மராத்தியில் 'காய்' என்றால் பசு. 'என்ன' என்று கேட்பதும் நம் காதுக்குக் 'காய்' என்றுதான் விழுகிறது. அப்பா "காய், காய்" என்று சொல்ல, அவர் "காய்? காய்?" என்று திருப்பிக் கேட்க, கால் மணி நேரம் இரண்டு பேரும் காய்கறி வியாபாரம் செய்ததை ஆஜி மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து தீர்த்து வைத்தார்.

இப்போது அதிகாலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் வெந்நீர் கொதிக்கிறது. பொடியைப் போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்தி, கொதி அடங்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றி, இருபது நிமிஷம் பில்டரை யாரும் தொடக்கூடாது. டிகாஷனை அடுப்பில் சுட வைக்கக்கூடாது. பாலை இரண்டாம் முறை காய்ச்சக்கூடாது. ஆர்வெல்லின் 11 விதிகளை அப்பா தாண்டிவிட்டார். என் மனைவி, "மாமா, நீங்களே போட்டுவிடுங்கள்" என்று சமையலறையில் ஒரு மூலையை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏழு மணிக்கு ஆஜி டம்ளரோடு வருகிறார். ஜாதிக்காய் வேண்டாம் என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

முதல் டம்ளரை மட்டும் அப்பா யாருக்கும் கொடுப்பதில்லை. ஆற்றி, அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பிறகுதான் குடிக்கிறார். நாங்கள் பார்க்காதது போல இருந்துவிடுவோம்.

முந்தாநாள், "ஊருக்கு எத்தனை நாள் முன்னால் டிக்கெட் எடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. "முன்பு 120 நாள். 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள் அப்பா" என்றேன்.

விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். எழுந்து போய்க் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"சரி, பொடி வாங்கி வா. டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.